அவர் சொல்ல, நான் செய்தது

12 பிப்ரவரி 2023, ஞாயிறு

சாப்பாட்டுக்கு மேல் ஷெட்டிலிருந்து சத்தமே வரவில்லை. போய் எட்டிப் பார்த்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலடியில் ஸ்க்ரூடிரைவர் கிடந்தது.

“பூர்ணி, இத கொஞ்சம் இறுக்கிவிடேன். கை நிக்க மாட்டேங்குது.”

கொல்லைக் கதவு தானாக மூடிக்கொள்ள ஓர் ஏற்பாடு. பழைய சைக்கிள் கேரியரின் ஸ்பிரிங், ஒரு இரும்புப் பட்டை, இரண்டு ஸ்க்ரூ. ஆடு உள்ளே வந்து கறிவேப்பிலைக் கன்றைக் கடிக்கிறது என்று நான் கத்தியதற்காக ஆரம்பித்தது. அம்மாபேட்டைக் கடையில் கேட்டால் இந்த மாதிரி ஒன்றைக் கொடுப்பார்கள். ஆனால் கடையில் கிடைப்பதைக் கடையில் வாங்குகிற ஆளா இவர்? சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியதும் நிலத்தைத் துரைராசு அண்ணனிடம் குத்தகைக்கு விட்டார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு இந்த ஷெட்டைக் கட்டினார். அன்றிலிருந்து எதையாவது அறுப்பதும் ஒட்டுவதும்தான். “உருப்படியா எதாவது செய்யக் கூடாதா” என்று நானும் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கு நான் இறுக்கினேன். “இன்னும். இன்னும் கொஞ்சம். ஆங், நிறுத்து.” கதவைத் திறந்து விட்டார். அது மெதுவாகப் போய்ச் சாத்திக்கொண்டது. மறுபடி திறந்து விட்டார். நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

என் உள்ளங்கை சிவந்துவிட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

போன மாதம் தஞ்சாவூரில் டாக்டர் சொன்னதை இன்னும் இதில் எழுதவில்லை. எழுதினால் நிஜமாகிவிடும் என்றுதான். தசையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய். கை, கால், பேச்சு, விழுங்குவது. கடைசியில் மூச்சு. மருந்து கிடையாது. “புத்திக்கு ஒண்ணும் ஆகாதும்மா, கடைசி வரைக்கும் எல்லாம் தெரியும்” என்றார். ஆறுதல் சொன்னதாக அவருக்கு நினைப்பு.

3 மார்ச்

ஜவுளிக்கடை பில் வேலையை விட்டுவிட்டேன். இவரைத் தனியே விட்டுப் போக முடியவில்லை.

26 மார்ச்

ஸ்பூன் வேலை செய்கிறது!

கை மூடவில்லை. சோறு பிசைந்தால் விரலிடுக்கில் எல்லாம் வழிந்துவிடுகிறது. நான் ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நேற்று அப்படியே எழுந்து போய்விட்டார். இன்று காலை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்புறம் இடது கையால் கோணல் மாணலாக ஒரு படம். “இத செய்.”

சைக்கிள் டியூபை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி உள்ளங்கையைச் சுற்றிப் போடுகிற பட்டை. அதில் ஒரு சின்னப் பை. ஸ்பூன் காம்பை வளைத்து அந்தப் பையில் செருக வேண்டும். நான் வெட்டினேன். கோணி ஊசியால் தைத்தேன். காம்பை வைஸ் இடுக்கியில் கொடுத்து வளைத்தேன். முதல் தடவை அதிகம் வளைந்துவிட்டது. “பிரிக்காத, இன்னொரு ஸ்பூன் எடு. தப்பா போனது பக்கத்துல இருக்கட்டும், பாத்து செய்யலாம்.”

ரசம் சாதம் முழுவதும் தானே சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் எண்ணாத குறை. சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து, “உப்பு பத்தல” என்றார்.

இவ்வளவு சந்தோஷமாக ஒரு குறையை நான் கேட்டதே இல்லை.

17 ஏப்ரல்

டிரில், கிரைண்டர், ரம்பம் எல்லாம் பழகிவிட்டது. வெல்டிங்தான் பயம். அவர் சேரில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்: “ரம்பத்த அழுத்தாத பூர்ணி. அது பாட்டுக்கு போகும். நீ வழி மட்டும் காட்டு.”

சேரின் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினோம். அதிலிருந்து எழுந்திருக்க இன்னும் முடிகிறது.

20 ஜூன்

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரெல்லாம் குறுவைக்கு நாற்று விட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவர் கை மேலே எழவில்லை. ஸ்பூன் இருக்கிறது, பட்டை இருக்கிறது, கை வாய் வரைக்கும் போகவில்லை.

மூன்று மாதம் கூட ஆகவில்லை, அந்த ஸ்பூனைச் செய்து.

4 ஜூலை

தராசு மாதிரி, என்றார். ஒரு தட்டில் கை, இன்னொரு தட்டில் எடை. கைக்குச் சமமான எடையை மறுபக்கம் தொங்கவிட்டால் கைக்குக் கனமே இருக்காது. சும்மா நினைத்தால் போதும், மேலே வரும்.

உத்தரத்தில் இரண்டு கப்பி மாட்டினேன். கிணற்றுக் கப்பி வேண்டாம், சத்தம் போடும் என்று துணி காயப்போடுகிற நைலான் கப்பி. முழங்கைக்கு ஒரு துணித் தொட்டில், மணிக்கட்டுக்கு ஒன்று. மறுமுனையில் தண்ணீர் பாட்டில். பாட்டிலில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து எடையைச் சரிபார்த்தோம். கொஞ்சம் அதிகமாக ஊற்றியதில் கை தானாக மேலே போய் சாமி கும்பிடுவது போல் நின்றது. அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கும். இந்த வீட்டில் சிரித்து எத்தனை நாளாகிறது?

மாலையில் அவர் அக்கா பிரகதாம்பாள் அண்ணி வந்தபோது அவர் தன் கையாலேயே காபி டம்ளரைத் தூக்கிக் காட்டினார். அண்ணி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அண்ணிக்கு அது தம்பியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டது போலத்தான் தெரிந்திருக்கும்.

30 ஆகஸ்ட்

தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. கூழாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கையால் எடுத்துச் சாப்பிடுவது முடிந்தது. பாட்டிலைக் கழற்றிவிட்டேன், கப்பி அப்படியே தொங்குகிறது.

ஷெட்டில் போய் அந்த டியூப் பட்டையைத் தூக்கி எறிந்தேன். எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. திரும்பி வந்து அவரிடம் கத்தினேன். யாரிடம் கத்துவது வேறு? “என்னத்த செஞ்சு என்னங்க? நாம ஒண்ணு செஞ்சு முடிக்கிறதுக்குள்ள அது ரெண்டு அடி முன்னால போயிருது. எதுக்கு இதெல்லாம்?”

பேச்சு குழறுகிறது இப்போது. வேறு யாருக்கும் புரியாது, எனக்குப் புரியும். “அப்ப நாம மூணு அடி முன்னால போவோம்” என்றார்.

15 அக்டோபர்

மூன்று அடி முன்னால் போகிற சாமான் இன்றைக்கு முடிந்தது.

கால் முழுதும் போய்விட்டது. கட்டிலிலிருந்து சேருக்கு மாற்ற நானும் துரைராசு அண்ணனும் சேர்ந்து தூக்க வேண்டியிருக்கிறது. அண்ணன் வயலுக்குப் போய்விட்டால் அவர் கட்டிலிலேயே கிடக்க வேண்டும். போன வாரம் ஒரு நாள் அப்படித்தான் ஆயிற்று. மூத்திரம் நனைந்த துணியோடு மத்தியானம் வரை. அன்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மோட்டார் தூக்குகிற செயின் பிளாக் ஷெட்டில் இருந்தது. படுக்கிற அறையில், கூரைக்குக் கீழே இரண்டு சுவருக்கும் குறுக்காக இரும்புப் பைப் போட்டு, அதில் உருளுகிற மாதிரி செயின் பிளாக்கைத் தொங்கவிட வேண்டும். பைப்பின் தடிமன், எங்கே துளை, எந்த போல்ட், எல்லாம் அவர் சொன்னது. வெல்டிங் நான் வைத்தேன். கண்ணாடி முகமூடிக்குள் எனக்கு என் மூச்சு மட்டும் கேட்டது. “பொட்டு பொட்டா வைக்காத. இழு. கோலம் போடற மாதிரி.” கோலம் என்றதும் கைக்கு நிதானம் வந்துவிட்டது.

ஆளைத் தூக்குகிற துணித் தொட்டில் மட்டும் என் யோசனை. அவர் சொன்னது ஒரே துண்டு. அதில் படுக்க வைக்க ஆளைப் புரட்ட வேண்டும், வலிக்கும். நான் முதுகுக்கு ஒன்று, இரண்டு தொடைக்கும் தனித்தனியே ஒன்று என்று பிரித்தேன். உட்கார்ந்த நிலையிலேயே மாட்டிவிடலாம். லாரி தார்ப்பாயில் தைத்தேன். அவர் மூன்று துண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கோபமோ என்று பார்த்தால், “எனக்கு தோணலையே” என்றார்.

சங்கிலியை நான் இழுக்க இழுக்க அவர் கட்டிலிலிருந்து அங்குலம் அங்குலமாக எழுந்து, அந்தரத்தில் நகர்ந்து, சேரில் இறங்கினார். யார் உதவியும் இல்லாமல். நான் ஒருத்தியே.

19 அக்டோபர்

அண்ணி இன்று வந்தபோது நான் ஷெட்டில் இருந்தேன். மிச்சமான பைப்பின் ஓரங்களை அரத்தால் ராவிக்கொண்டு ஏதோ பாட்டு முணுமுணுத்தேனாம். எனக்கே தெரியாது.

“எந்தம்பி அங்க சாகக் கெடக்குறான். நீ இங்க பட்டற போட்டு பாட்டு பாடுற. உனக்கென்ன, புள்ளையா குட்டியா, பொழுது போகணுமில்ல?”

அரத்தைக் கீழே வைத்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லாததை அண்ணி இதுவரை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அண்ணிக்கும் வலி.

ஆனால் அண்ணி சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அவருக்காகச் செய்கிறேன் என்பது உண்மை. செய்கிற நேரத்தில் அவரையே மறந்துவிடுகிறேன் என்பதும் உண்மை. போல்ட் துளையில் சரியாகப் போய் உட்காரும்போது, அந்த ஒரு நொடி, அவருக்கு நோய் இல்லை, எனக்கு வயது இல்லை. அவர் கை போனபிறகுதான் எனக்குக் கை வந்தது. இது என்ன பிறவி நான்?

11 நவம்பர்

கீழே விழுந்துவிட்டார். என் தொட்டில். என் தையல்.

13 நவம்பர்

இடது தொடை எலும்பு முறிவு. ஆபரேஷன் தாங்க மாட்டார், மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு திரும்பாது என்கிறார்கள். கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

தொடைப்பட்டையின் தையல் விட்டுவிட்டது. பாதி தூரம் போயிருந்தார். ஒரு பக்கமாகச் சரிந்து, நான் சங்கிலியை விடவும் முடியாமல் அவரைப் பிடிக்கவும் முடியாமல். கத்துவதற்கு அவரிடம் சத்தம் இல்லை. வாய் மட்டும் திறந்தது.

தீபாவளி நேற்று போனது. தெருவெல்லாம் வெடித்த காகிதம்.

2 டிசம்பர்

ஷெட்டைப் பூட்டிவிட்டேன். துரைராசு அண்ணன் காலையிலும் மாலையிலும் வந்து தூக்குகிறார். பேச்சு முழுதும் நின்றுவிட்டது. ஏதோ சொல்ல வருகிறார், என்னவென்று தெரியவில்லை. “தண்ணியா? வலியா? திருப்பணுமா?” எல்லாவற்றுக்கும் இல்லை. கண்ணில் நீர் வழிகிறது. நானும் அழுதுகொண்டே கேட்கிறேன். கடைசியில் இரண்டு பேருமே விட்டுவிடுகிறோம்.

9 டிசம்பர்

கண் மட்டும் அவர் சொன்னபடி கேட்கிறது. மேலே தூக்கினால் ஆம். மூடினால் இல்லை.

சிலேட்டில் எழுத்துகளை எழுதி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிப் பார்த்தேன். இருநூற்றி நாற்பத்தேழு எழுத்து! ஒரு வார்த்தைக்குள் களைத்துத் தூங்கிவிடுகிறார். பாஷையில் இத்தனை எழுத்து வைத்தவனைத் திட்டினேன்.

16 டிசம்பர்

சோறு வடிக்கும்போது தோன்றியது. கஞ்சி காலில் கொட்டியது, பரவாயில்லை.

வல்லினம், மெல்லினம், இடையினம். மூன்றாம் வகுப்பில் பாடமாகப் படித்ததுதான். ஒவ்வொன்றிலும் ஆறே எழுத்து. முதலில் எந்த இனம் என்று கேட்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்குக் கண்ணைத் தூக்குவார். பிறகு அந்த ஆறில் எது. பிறகு குறிலா நெடிலா. பிறகு எந்த உயிர். புள்ளி வைத்த எழுத்துக்கும், தனி உயிருக்கும் ஆய்தத்துக்கும் தனியாக ஒரு கேள்வி. இருநூற்றி நாற்பத்தேழும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஷெட்டைத் திறந்தேன். ஒரு கண்ணாடித் தகட்டில், உடையாத பிளாஸ்டிக் வகை, எழுத்துகளை இனம் இனமாக மூன்று நிறத்தில் ஒட்டினேன். நான் ஒரு பக்கம், அவர் மறுபக்கம். எழுத்துக்கு ஊடாக அவர் கண் எனக்குத் தெரியும்.

“வல்லினம்?” கண் மேலே போனது. “க?” மேலே. “குறில்?” மேலே. அ, இ, உ, எ என்று போய் “ஒ?” மேலே. கொ. அடுத்தது. வல்லினம். ச. குறில். உ.

கொசு.

நிமிர்ந்து பார்த்தால் அவர் நெற்றியில் ஒரு கொசு உட்கார்ந்து வயிறு முட்டக் குடித்துக்கொண்டிருக்கிறது. அடித்தேன். என் கையில் அவர் ரத்தம். இத்தனை நாளும் இதைத்தானா சொல்ல முடியாமல் அழுதீர்கள்? சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. அவர் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

17 டிசம்பர்

இன்று பாதிப் பகல் ஆயிற்று அவருக்கு, இதைச் சொல்லி முடிக்க.

தையல் தப்பு. டிசைன் சரி.

சற்று ஓய்வெடுத்துவிட்டு மறுபடி: பட்டையை அடியில் சுற்றி விடு.

அதாவது, துணியைத் துணியோடு தைத்து அதில் ஆளைத் தொங்கவிடாதே, பட்டையையே உடம்புக்கு அடியில் முழுவதும் சுற்றிக் கொண்டுவா, அப்போது எடை தையலில் நிற்காது, பட்டையில் நிற்கும். இது எப்படி எனக்குத் தெரியாமல் போனது? எலும்பு உடைந்து கட்டிலில் கிடந்தவர், இந்த ஒரு மாதமும் வாய் திறக்க முடியாமல், அந்தத் தொட்டிலைத்தான் மனதுக்குள் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மன்னிப்பு என்று அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பட்டை வாங்க நாளைக்குத் தஞ்சாவூர்.

8 மார்ச் 2024

புருவப் பொத்தான் தயார். கெட்டுப்போன கம்ப்யூட்டர் மவுஸின் உள்ளே இருக்கிற குட்டி ஸ்விட்சைப் பிரித்து எடுத்து, நெற்றிப் பட்டையில் வைத்து, வாசல் காலிங் பெல்லின் ரிமோட்டோடு சேர்த்தோம். புருவத்தை உயர்த்தினால் சமையலறையில் மணி அடிக்கிறது. இப்போது நான் கொல்லைக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம்.

முதல் நாள் வேண்டுமென்றே அடித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் ஓடிவந்தேன். நாலாவது தடவை அவர் கண்ணைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். “அடி வாங்குவீங்க” என்றேன்.

21 ஜூலை

வயிற்றில் பால் விடக் குழாய் போட்டாயிற்று. படுத்தால் மூச்சு முட்டுகிறது. முகத்தில் மாட்டுகிற மூச்சு மெஷின் வந்துவிட்டது. முகமூடி மூக்குத் தண்டில் புண்ணாக்கியது. ரப்பர் செருப்பை அறுத்து ஒரு மெத்தை செய்து வைத்தேன். புண் ஆறிவிட்டது.

இடது புருவம் இப்போது வேலை செய்யவில்லை. வலதுக்கு மாற்றினேன்.

3 அக்டோபர்

மழைக்காலத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று அவர்தான் அவசரப்படுத்தினார். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். வீட்டு இன்வெர்ட்டர் சில மணி நேரம்தான் தாங்கும். அதன் பிறகு?

“டிராக்டர்” என்றார், எழுத்தெழுத்தாக. ஐந்தே எழுத்து, சீக்கிரம் முடிந்தது.

வெல்டிங் மெஷினின் தடித்த கேபிளை வெட்டி இரண்டு பக்கமும் கவ்வி வைத்தேன். ஒரு முனை இன்வெர்ட்டர் பேட்டரியில், மறுமுனை ஜன்னல் வழியாக வெளியே, டிராக்டர் பேட்டரியில். இன்ஜின் ஓடுகிற வரை நம் பேட்டரி இறங்காது. துரைராசு அண்ணனைக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்தோம். “தங்கச்சி, வண்டி உழறதுக்குன்னு நெனச்சேன். மூச்சு விடறதுக்கும் ஆவுமா!” என்றார்.

27 நவம்பர்

எழுதாமல் படுக்க முடியாது.

முந்தாநாள் ஆரம்பித்த மழை. சம்பா முழுவதும் தண்ணீருக்குள். நேற்றுக் காலையில் மரம் சாய்ந்து கரண்ட் போனது. மத்தியானத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. துரைராசு அண்ணனுக்குத் தன் வயலில் வடிகால் வெட்டுகிற வேலை. மூழ்குவது அவர் பயிர். போன் போட்டேன். அப்படியே போட்டுவிட்டு டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்தார். ஜன்னலை ஒட்டி நிறுத்தினார். கேபிளை நான் கவ்வினேன், பொறி தெறித்தது. பேட்டரி மேல் மழை விழக் கூடாது. யார் குடை பிடிப்பது? அண்ணி வந்து நின்றார். முழங்கால் தண்ணீரில், டீசல் புகையில், பொழுது சாய்கிற வரை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தார்ப்பாயில் மறைப்புக் கட்டி முடித்த பிறகுதான் உள்ளே அனுப்ப முடிந்தது.

இன்று மாலை கரண்ட் வந்தது. அவ்வளவு நேரமும் மெஷின் ஒரு மூச்சுக்கூடத் தப்பவில்லை.

அண்ணி தலையைத் துவட்டிக்கொண்டே அந்தக் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். “நீயா வெட்டுன இத?” என்றார். ஆமாம் அண்ணி என்றேன்.

எனக்குக் கர்வமாக இருந்தது. எழுதுவதில் என்ன வெட்கம். இயமனை ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டோம் என்று இருந்தது.

5 டிசம்பர்

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். முகமூடி இனிமேல் போதாது, தொண்டையில் துளை போட்டு நிரந்தரமாக மெஷினில் இணைத்துவிடலாம், இன்னும் சில வருஷம் கூட இருக்கலாம் என்றார். நான் உடனே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். குழாயைத் தாங்க ஒரு வளையம், சளி இழுக்கிற மெஷினுக்கு ஒரு ஸ்டாண்ட், இரண்டாவது பேட்டரி. வாய்விட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. தகட்டைத் தூக்கினேன்.

போதும்.

“என்ன போதும்? பால் போதுமா?” கண்ணை மூடினார். இல்லை.

எனக்குப் போதும்.

நான் தகட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் இனி எதுவும் பேச முடியாதபடி. தகட்டை எடுத்துவிட்டால் அவர் வாயைப் பொத்தியதுதானே? அதைச் செய்தேன் இன்றைக்கு.

6 டிசம்பர்

காலையில் நானே தகட்டை எடுத்தேன்.

“இத்தன செஞ்சேனே. நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேனே. இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப நீங்களே போதும்னா நான் என்னங்க செய்வேன்?”

அவர் சொன்னது: செய்யறப்போ நல்லா இருந்துச்சு.

பிறகு நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மறுபடி மணி.

இது நான் செய்யறது இல்ல. என்னை வச்சு செய்யறது.

எழுத்தெழுத்தாகக் குறித்துவைத்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். துளை போட வேண்டாம் என்று டாக்டருக்கு நானே போன் செய்தேன். சொல்லும்போது குரல் உடையவில்லை. பிறகு ஷெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

14 ஜனவரி 2025

பொங்கல். வாசலில் வைத்துப் பொங்கினேன், பானையை அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. ஒரு சொட்டு சர்க்கரைப் பாகை நாக்கில் தடவினேன். “உப்பு பத்துச்சா?” என்று கேட்டேன்.

நெஞ்சில் சளி.

22 ஜனவரி

இன்று விடிகாலை.

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அது காற்றை உள்ளே அனுப்பியது, நெஞ்சு எழுந்தது, இறங்கியது. பார்த்தால் உயிரோடு இருப்பது போலவே. அண்ணி, “இன்னும் மூச்சு இருக்கேடி” என்றார். இல்லை என்று எனக்குத் தெரியும். எந்தப் பொத்தான் என்றும் தெரியும். இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

நான்தான் நிறுத்தினேன்.

9 பிப்ரவரி

பதினாறாம் நாள் காரியம் எல்லாம் முடிந்தது. அண்ணி சொல்கிறார், அந்தச் சாமான்களை எல்லாம் எடுத்துப் போட்டுவிடு, பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது என்று. நியாயம்தான். பைப், சங்கிலி, கப்பி, கேபிள். எதற்கும் கைகால் ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன.

28 மார்ச்

பகலெல்லாம் படுத்தே கிடக்கிறேன். ஷெட் பக்கம் போகவில்லை. கை சொரசொரப்பு குறைந்துவிட்டது. ஜவுளிக்கடையில் மறுபடி வரச் சொல்கிறார்கள்.

19 ஏப்ரல்

நாகூரிலிருந்து ஒரு போன். ஃபாஜில் என்று பெயர். அவருடைய அக்கா தஹ்மீனாவுக்கு இதே நோய். இவருக்குப் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த பிசியோதெரபிப் பெண் என் நம்பரைக் கொடுத்தாளாம். “ஆளத் தூக்குற மெஷின் ஒண்ணு இருக்குன்னு சொன்னாங்க, அக்கா. எங்க உம்மாவால தூக்க முடியல.”

வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். வீட்டை விட்டுப் போனால் சரி என்றுதான். தர்மம், புண்ணியம் எதுவும் மனதில் இல்லை.

27 ஏப்ரல்

கழற்றும்போது பார்த்தேன், சுவரில் பைப் நுழைந்த இரண்டு துளையும் கண்ணைத் திறந்துகொண்டு நின்றன. சிமெண்ட் பூசி அடைத்தேன்.

10 மே

ஃபாஜில் போன் செய்தார். மாட்டிவிட்டார்களாம். சேரில் சரியாக இறங்க மாட்டேன் என்கிறதாம், கட்டில் உயரம் வேறு, கூரை உயரம் வேறு. நீங்கள் ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா என்றார். முடியாது என்றேன். அந்த அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். டெட்டால் வாசனை, மூலையில் அடுக்கிய பால் பவுடர் டப்பா, கட்டிலைச் சுற்றிச் சிரித்துப் பேசுகிறவர்கள். மறுபடி அதற்குள் என்னால் போக முடியாது.

18 மே

போனேன்.

தஹ்மீனாவுக்கு முப்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். பேச்சு குழறல்தான், ஆனால் எனக்கு முழுதும் புரிந்தது. அவள் அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. சங்கிலியின் நீளத்தைக் குறைத்து, கொக்கியை ஒரு சாண் நகர்த்தினேன். ஏறி இறங்கிப் பார்த்தோம். சரியாக வந்தது.

ஃபாஜில் வாசல் வரை வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். “இது எத்தன நாளைக்குக்கா தாங்கும்?”

பைப்பைத்தான் கேட்டார். “அது இரும்பு தம்பி. தாங்கும்” என்றேன். அடுத்து என்னென்ன வரும் என்று ஒவ்வொன்றாக எனக்குத் தெரியும். எதையும் சொல்லவில்லை.

அவளுக்கு வலது கையில் இன்னும் இரண்டு விரல் அசைகிறது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். கிள்ளுகிற அளவுக்கு வலு இருக்கிறது. “பேப்பர் திருத்தணும், அக்கா. பேனா நிக்க மாட்டேங்குது” என்றாள். தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பேனாவை விரலில் பிடிக்க வைக்கக் கூடாது, விரலைப் பேனாவில் உட்கார வைக்க வேண்டும். கவட்டை மாதிரி ஒன்று, கீழே உருளுகிற மாதிரி சின்ன உருண்டை, கை முழுதும் அதன் மேல் சாய்ந்துகொள்ளலாம். டிக்கெட்டின் பின்புறம் வரைந்தேன். இடம் போதவில்லை. கண்டக்டரிடம் இன்னொரு தாள் கேட்டு வாங்கினேன். உருண்டைக்கு என்ன செய்வது? செண்ட் பாட்டில் வாயில் இருக்கிற உருண்டை பெரிதாகிவிடும். அலமாரிச் சக்கரத்தில் இருக்கிற குண்டு சரியாக இருக்குமா?

நான் இறங்க வேண்டிய அம்மாபேட்டை எப்போது போனதென்றே தெரியவில்லை. சாலியமங்கலத்தில் இறங்கி எதிர்ப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றேன்.